அவர்கள் பெயர் என்ன? – ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நாம் படிக்காமல் விட்ட பெண்கள்



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஆப்பிரிக்காவில் பன்னிரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தீர்களே சார், சிங்கம் புலி பார்த்த அனுபவம் ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. சிங்கம் உண்டு, நானும் பார்த்தேன், அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அந்தக் கதை அவ்வளவுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற வேறொரு விஷயம் இருக்கிறது. சரித்திரப் பட்டம் வாங்கிய நான், சரித்திரத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் மாட்டிக்கொண்ட கதை அது.

நான் 1972லிருந்து 1975 வரை நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். 1983ல் போட்ஸ்வானா நாட்டுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனேன். தலைநகர் கபரோனியில் ஒரு மேல்நிலைப்பள்ளி. பக்கத்திலேயே ட்லோக்வெங் என்ற ஊர். ட்லோக்வா இன மக்கள் 1887ல் தங்கள் தலைவர் கபரோனியின் கீழ் வந்து குடியேறிய இடம். அந்தத் தலைவரின் பெயரைத்தான் இன்று அந்த நாட்டின் தலைநகரம் தாங்கி நிற்கிறது. ட்லோக்வெங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தென்னாப்பிரிக்க எல்லை. ஆனால் அந்த எல்லையை நான் தாண்ட முடியாது. நிறவெறி அரசோடு நம் நாட்டுக்கு உறவு கிடையாது என்பதால் அந்நாளைய இந்தியப் பாஸ்போர்ட் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது. எல்லைக் கம்பியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

வகுப்பில் நடந்தது

பாடம், 1820களில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நடந்த பெரும் குழப்பகாலம். கிழக்கே ஜூலு மன்னன் ஷாகா தலையெடுத்த காலத்தில் போர், பஞ்சம், இடப்பெயர்ச்சி என்று அலையலையாக மக்கள் மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். சோத்தோ மொழியில் இதை 'டிஃபாகானே' என்பார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, நம் பேராசிரியர் பாணியில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்: "மந்தாத்திசி என்றொரு ராட்சசி. அவள் பின்னால் ஆயிரக்கணக்கில் கொள்ளைக் கூட்டம். 'மன்டாட்டி' கூட்டம் என்றாலே ஊர் ஊராக நடுங்கியது. 1823ல் திதகோங் என்ற ஊரின்மேல் பாய்ந்தபோதுதான் அவர்களை அடக்க முடிந்தது."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ட்லோக்வெங்கிலிருந்து வருகிறவள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், அவங்க எங்க இனத்துப் பெரிய ராணி. எங்க பாட்டி அவங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. திதகோங்குக்கு அவங்க போகவே இல்லையே?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா வாத்தியார்களும் செய்வதைத்தான். "பாட்டி கதை வேற, சரித்திரம் வேற, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். பாடம் முடிந்தது. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தவிர எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? அதை எழுதியவருக்கு என்ன ஆதாரம் இருந்தது? 'எழுதியவன் யார், எங்கே நின்று எழுதினான் என்று கேள்' என்பதை நம் வரலாற்றுத் துறை மூன்று வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. தேர்வில் அதை எழுதி மார்க்கும் வாங்கினேன். வகுப்பில் நிற்கும்போது மறந்துவிட்டேன்.

ராட்சசி அல்ல, ஒரு தாய்

நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண் சொன்னதுதான் சரி. 1950களிலேயே ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டிருந்தார்கள். என் புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சியா என்ற குலத்தில், 1780களில் பிறந்தவர் அந்தப் பெண்மணி. ட்லோக்வா தலைவர் மொகோச்சோவுக்கு வாழ்க்கைப்பட்டார். ஏறக்குறைய 1813ல் கணவர் இறந்தபோது வாரிசான மகன் செகொன்யேலா சின்னப் பையன். பங்காளிகளின் கண் படாமல் பையனைத் தன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனுக்காகத் தாயே ஆட்சியை ஏற்றார். 1822ல் ஹ்லூபி என்ற கூட்டத்தார், தாங்களே வேறொருவரால் துரத்தப்பட்டு, டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரைத் தாண்டி வந்து ட்லோக்வா ஊர்கள்மேல் விழுந்தார்கள். வீடு, மாடு, விளைந்த சோளம் எல்லாம் போயிற்று. மிச்சமிருந்த மக்களைத் திரட்டிக்கொண்டு, குழந்தைகளும் கிழவர்களும் மந்தைகளுமாகக் கலிடன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வருஷக்கணக்கில் நடந்தார் மந்தாத்திசி. போகிற வழியில் அவர்களும் மற்றவர்களின் மாட்டையும் தானியத்தையும் பறித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. பசியில் நகர்கிற கூட்டம் எதுவும் அந்தக் காலத்தில் அதைத்தான் செய்தது. ஆனால் சிதறிப் போயிருக்க வேண்டிய ஒரு ஜனம் அவரால்தான் ஒரு ஜனமாகவே நிலைத்தது.

அவர்களிடையே வழங்கும் ஒரு சம்பவம். ஒருமுறை வீரர்கள் வெளியே போயிருந்த சமயம் எதிரிப்படை நெருங்கிவிட்டது. முகாமில் பெண்களும் குழந்தைகளும்தான். மந்தாத்திசி என்ன செய்தார்? இருந்த ஒருசில ஆண்களை முன்னால் நிறுத்தி, பெண்கள் எல்லோரையும் பின்னால் வரிசை வரிசையாக நிறுத்தி, கையில் களைக்கொட்டையும் படுக்கிற பாயையும் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்தவனுக்குப் பாய் கேடயமாகவும் களைக்கொட்டு ஈட்டியாகவும் தெரிந்தது. எதிரி தயங்கி நின்றான். அதற்குள் வீரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிற்பாடு லெசோத்தோ தேசத்தை உருவாக்கிய மாமன்னர் மொஷ்வேஷ்வேயைப் பற்றிச் சரித்திர மாணவர்கள் படித்திருப்பீர்கள். அவர் 1824ல் பூத்தா-பூத்தே மலையை விட்டுத் தாபா போசியு என்ற மலைக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தார். அந்தக் கோட்டைதான் அவர் தேசத்தின் அஸ்திவாரம். அவர் ஏன் இடம் மாறினார்? பூத்தா-பூத்தேயை ட்லோக்வாக்கள் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுவிட்டார்கள். அதாவது மொஷ்வேஷ்வேயை நகர்த்தியவர்கள் மந்தாத்திசியின் மக்கள். மொஷ்வேஷ்வேக்கு லெசோத்தோவில் சிலை உண்டு, ஆண்டுதோறும் அவர் பெயரில் விடுமுறை உண்டு. மந்தாத்திசிக்கு என் புத்தகத்தில் கிடைத்தது ராட்சசிப் பட்டம்.

பொய் எப்படிப் பிறந்தது?

1823 ஜூன் மாதம் திதகோங்கில் சண்டை நடந்தது உண்மை. மேற்கேயிருந்த ட்லாப்பிங் மக்களின் ஊர் அது. பசித்த பெருங்கூட்டம் ஒன்று அந்த ஊரை நெருங்கியது. ராபர்ட் மொஃபட் என்ற பாதிரியார் (டேவிட் லிவிங்ஸ்டனின் மாமனார் என்றால் உங்களுக்குத் தெரியும்) உதவிக்கு ஆள் தேடிப் போனார். துப்பாக்கி ஏந்திய கிரிக்குவா குதிரைவீரர்கள் நூறு பேர் அளவில் வந்தார்கள். துப்பாக்கியே பார்த்தறியாத அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால் அந்தக் கூட்டம் ஃபூட்டிங், ஹ்லாக்வானா என்ற வேறு குலங்களைச் சேர்ந்தது. மந்தாத்திசியும் அவர் மக்களும் அப்போது நூற்றுக்கணக்கான மைல் கிழக்கே, கலிடன் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். வால் நதியை அவர்கள் தாண்டவே இல்லை.

பின்னே பெயர் எப்படி வந்தது? பயந்து ஓடிவந்தவர்கள் வாயிலிருந்து வந்தது. ஒரு பெண் தலைமை தாங்குகிறாள் என்ற செய்தியே கேட்டவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. கைமாறக் கைமாறக் கதைக்குக் கையும் காலும் முளைத்தது. அவளுக்கு நெற்றியில் ஒற்றைக் கண்ணாம். படை முழுதுக்கும் தன் முலைப்பாலையே ஊட்டுவாளாம். போருக்கு முன்னால் குளவிக்கூட்டத்தை ஏவிவிடுவாளாம். இப்படிக் கேட்டதையெல்லாம் எழுதியவர்கள் எழுதிவைத்தார்கள். போகப்போக எந்தக் கூட்டம் எங்கே கொள்ளையடித்தாலும் 'மன்டாட்டி' என்றே பேர். அதைவிடக் கொடுமை, பஞ்சத்தில் அடிபட்டுக் கேப் காலனிக்கு வந்து வெள்ளைக்காரர் பண்ணைகளில் கூலிவேலை செய்த ஏழை அகதிகளையும் அதே பெயரால் அழைத்தார்கள். ஒரு தாயின் பெயர் முதலில் வசைச்சொல்லாயிற்று, அப்புறம் கூலிகளுக்கான பட்டப்பெயராயிற்று. நூற்றைம்பது வருஷம் கழித்து, கடல் கடந்து, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வாத்தியார் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி, "நான் சொன்னது தப்பு, உன் பாட்டி சொன்னதுதான் சரி" என்றேன். வகுப்பு கைதட்டியது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் மனைவியையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அந்தப் பாட்டி மரத்தடியில் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். தங்கள் கிளை வேறு, மந்தாத்திசியின் கிளை வேறு, ஆனாலும் மூதாதையர் ஒன்று என்று விளக்கினார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "உன் மூத்த பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார். குமார் என்றதும், "அப்படியானால் நீ ம்மா-குமார்" என்று சிரித்தார். அன்றிலிருந்து கபரோனியில் என் மனைவிக்கு அதுவே பேர்.

அங்கே பிள்ளை பெற்ற பெண்ணைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். மந்தாத்திசி என்றால் 'ந்தாத்திசியின் அம்மா'. ந்தாத்திசி அவருடைய மூத்த மகள். இவர் பிறந்தபோது வைத்த பெயர் மொன்யாலுவே. அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அது மரியாதைக்காகச் செய்வது என்றார் பாட்டி. நம்ம ஊரிலும் 'குமார் அம்மா', 'வாத்தியார் சம்சாரம்' என்றுதானே சொல்கிறோம்? மரியாதைதான். ஆனால் கொஞ்ச காலம் போனால் சொந்தப் பெயர் காணாமல் போய்விடுகிறது. இதைப் பிறகு சொல்கிறேன்.

பேரனுக்காக நிலத்தைக் காத்த பாட்டி

அதற்கப்புறம் எனக்கு இதுவே வேலையாகிவிட்டது. எந்த நாட்டுச் சரித்திரத்தை எடுத்தாலும் 'அந்தச் சமயத்தில் பெண்கள் என்ன செய்தார்கள்?' என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்களில் என்னைப் பிரமிக்க வைத்தவர் லபோட்சிபேனி. முன்பு ஸ்வாசிலாந்து என்றும் 2018 முதல் எஸ்வாட்டினி என்றும் பெயர் வழங்கும் சின்ன நாட்டின் ராஜமாதா. அந்த நாட்டில் அரசனுக்குச் சிங்கம் என்று பட்டம். அவன் தாய்க்குப் பெண்யானை என்று பட்டம். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆட்சி.

அவர் கணவர் மன்னர் இம்பான்ட்சேனி 1889ல் இறந்தபோது நாடு காகிதத்தில் கைமாறியிருந்தது. வந்த வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். மேய்ச்சல் உரிமை, சுரங்க உரிமை, இன்ன வியாபாரத்துக்குத் தனியுரிமை என்று நூற்றுக்கணக்கில். ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேருக்குப் பத்திரம். அரசரின் சொந்த வருமானத்தை வசூலிக்கும் உரிமையைக்கூட எழுதிக் கொடுத்தாகிவிட்டது! அடுத்து வந்த மகன் பூனு 1899 டிசம்பரில் இறந்தான். பேரன் சொபூசா அப்போது சில மாதக் கைக்குழந்தை. போயர்களும் பிரிட்டிஷாரும் போர் தொடங்கியிருந்த நேரம் வேறு. அந்த நிலையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற லபோட்சிபேனி 1921 வரை, இருபத்திரண்டு வருஷம் விடவில்லை.

போர் முடிந்து பிரிட்டிஷார் நாட்டைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1907ல் ஒரு பிரகடனம். ஸ்வாசி மக்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம். மிச்சம் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும். தன் அப்பன் பாட்டன் உழுத நிலத்தில் குடியானவன் வாடகைக்கு இருக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். லபோட்சிபேனி லண்டனுக்குத் தூதுக்குழு அனுப்பினார். காரியம் ஆகவில்லை. ஈட்டியைத் தூக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் தூக்கியவர்களின் கதியைப் பார்த்திருந்தார். அதனால் வேறு வழி எடுத்தார். ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களில் பாடுபட்ட ஸ்வாசி ஆண்களிடம் நிதி திரட்டி, பறிபோன நிலத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கத் தொடங்கினார். தன் வீட்டையே விலை கொடுத்து வாங்குவது எத்தனை கசப்பாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆனாலும் வாங்கினார். அவர் தொடங்கிய வேலையைப் பேரன் தொடர்ந்தார். 1968ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது பாதிக்கு மேற்பட்ட நிலம் ஸ்வாசி மக்கள் கையில் இருந்தது.

இன்னும் கேளுங்கள். வெள்ளைக்காரனின் பலம் பணத்திலும் புத்தகத்திலும் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பாட்டி, பேரனும் மற்றப் பிள்ளைகளும் படிக்கச் சொம்போட்சேயில் தேசியப் பள்ளி தொடங்கச் செய்தார். பழமைவாதிகள் முணுமுணுத்தும் கேட்கவில்லை. 1912ல் ஜோகன்னஸ்பர்கில் 'அபன்டு-பாத்தோ' என்ற கறுப்பின மக்களின் பத்திரிகை தொடங்கியது. பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் குரலாக விளங்கிய பத்திரிகை அது. நிறுவியவர் வழக்கறிஞர் பிக்ஸ்லி செமே என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு முதல் போட்டவர் லபோட்சிபேனி என்பது சில புத்தகங்களில்தான் இருக்கும்.

1921 டிசம்பரில் பேரன் கையில் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, 1925ல் கண்மூடினார். நில வழக்கை பேரன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார். 1926ல் தோற்றுப்போனது. அந்தத் தீர்ப்பைக் கேட்க நல்லவேளை பாட்டி இல்லை. மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'க்வாமிலே'. அசைக்க முடியாதவர் என்று அர்த்தம்.

1913ம் 1956ம்

இப்போது நமக்கும் சம்பந்தப்பட்ட ஒரு வருஷத்துக்கு வருகிறேன். 1913.

அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவின் நடுவேயுள்ள ப்ளூம்ஃபொன்டைன் நகரில் கறுப்பினப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாகாணத்தில் மட்டும் பெண்களும் 'பாஸ்' என்ற அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி. சீட்டில்லாத பெண்ணை எந்தப் போலீஸ்காரனும் வழியில் நிறுத்தலாம். 1912லேயே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கேப் டவுனுக்குப் போய் அமைச்சரைப் பார்த்தார்கள். பலனில்லை. அடுத்த வருஷம் சீட்டு வேண்டாம் என்று மறுத்து, கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள்.

அதே 1913ல், அதே நாட்டில், இன்னொரு பெண்கள் கூட்டமும் சிறைக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஆக்கிய தீர்ப்பையும், மூன்று பவுண்டு தலைவரியையும் எதிர்த்து, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கியவர்கள். சிலர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்துக்கே வழி செய்தார்கள். ஜோகன்னஸ்பர்கில் பிறந்த வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ல் பதினாறு வயதில் இறந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு சிறை சென்ற அவர் தாயார் மங்கலத்தின் பெயர்? மற்றவர்களின் பெயர்கள்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கறுப்பினப் பெண்களின் பக்கம் அந்தப் போராட்டத்தை அமைப்பாக்கியவர் சார்லட் மக்செகே. பாட்டுக்குழுவில் சேர்ந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர். அமெரிக்காவில் அந்தக் குழு நடுத்தெருவில் நின்றபோது, அங்கேயே ஓஹையோ மாகாணத்து வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்து, தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதல் பட்டதாரியாகத் திரும்பினார். 1918ல் பன்டு மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸில் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை கிடைத்ததே 1943ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1939ல் காலமானார்.

1950களில் அரசு மறுபடி பெண்கள்மேல் பாஸ் சட்டத்தைத் திணித்தது. இந்த முறை நாடு முழுவதும். 1956 ஆகஸ்ட் 9ந் தேதி பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு இருபதாயிரம் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஊர்வலத்துக்குத் தடை. அதனால் இரண்டு பேர், மூன்று பேராக நடந்து வந்தார்கள். பலர் முதுகில் குழந்தை. முன்னால் நின்ற நால்வர்: தையல் தொழிலாளி லிலியன் இங்கோயி, வெள்ளையரான ஹெலன் ஜோசஃப், இந்திய வம்சாவளியான ரஹிமா மூசா, கலப்பினத்தவரான சோஃபியா வில்லியம்ஸ். அந்நாட்டுச் சட்டம் பிரித்துவைத்த நான்கு இனத்திலிருந்தும் ஒவ்வொருவர். பிரதமர் ஸ்ட்ரைடம் அங்கே இல்லை. கட்டுக்கட்டாக மனுக்களை அவர் அலுவலகத்தில் வைத்துவிட்டு, வெளியே வந்து அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள். இருபதாயிரம் பேர், அரை மணி நேரம், ஒரு சத்தமில்லை.

லிலியன் இங்கோயிக்குக் கிடைத்த பரிசு தேசத்துரோக வழக்கு, சிறை, பிறகு ஆண்டுக்கணக்கில் தடையுத்தரவு. கூட்டத்தில் பேசக்கூடாது, ஊரைவிட்டு நகரக்கூடாது. அவர் சொன்னதைப் பத்திரிகை அச்சிடக்கூடாது. சொவெட்டோவில் தன் சின்ன வீட்டில் துணி தைத்துப் பிழைத்தார். பாஸ் சட்டம் 1986ல் ஒழிந்தது. அவர் 1980லேயே போய்விட்டார்.

எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்த கபரோனிக்கும் அந்த அரசின் கை நீண்டது. 1985 ஜூன் 14 விடியற்காலையில் தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து பன்னிரண்டு பேரைக் கொன்றுவிட்டுப் போனது. குண்டுச் சத்தத்தில் எழுந்து, நானும் மனைவியும் குமாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரித்திரம் என்பது பாடப்புத்தகம் மட்டுமல்ல என்று அன்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

1995ல் ஊர் திரும்பும்போது, இப்போது எல்லை தாண்டலாமே என்று பிரிட்டோரியா போனேன். அந்தப் பெண்கள் நின்ற படிகளில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஜோகன்னஸ்பர்கில் பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மையின் சமாதிக்கு ஒரு முழம் பூ வைத்துவிட்டு வந்தேன்.

ஏன் மறந்தோம்?

இவர்களை ஏன் நாம் படிக்கவில்லை? எனக்குத் தோன்றுகிற காரணங்களைச் சொல்கிறேன். ஆவணம் எழுதிய அதிகாரி ஆணைத்தான் தலைவன் என்று தேடினான். எதிரே பெண் உட்கார்ந்திருந்தால் அவளை ராட்சசியாகவோ, 'மகன் பெரியவனாகும் வரை இருந்தவர்' என்று அடிக்குறிப்பாகவோ எழுதினான். பிறகு விடுதலை இயக்கங்கள் சரித்திரம் எழுதியபோதும் தலைவர்களின் படத்தைத்தான் முன்னால் மாட்டின. பாட்டிகள் சொன்னதைக் 'கதை' என்று தள்ளினோம். தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

நிலைமை மாறாமல் இல்லை. ஆகஸ்ட் 9 இன்று தென்னாப்பிரிக்காவில் தேசிய மகளிர் தினம், அரசு விடுமுறை. ஜோகன்னஸ்பர்கின் பெரிய அரசு மருத்துவமனைக்குச் சார்லட் மக்செகேயின் பெயர். போட்ஸ்வானாவில் பலேட்டே மக்களின் தலைமைப் பதவிக்கு 2002ல் ஒரு பெண் வந்தார். ஆண் வாரிசுதான் வேண்டும் என்று எழுந்த எதிர்ப்பைச் சமாளித்து வந்தவர். அவர் பெயர் மொசாடி செபோக்கோ. 'மொசாடி' என்றால் அவர்கள் மொழியில் 'பெண்' என்றே பொருள்! செய்தி படித்த அன்று ட்லோக்வெங் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஒரு சொந்த விஷயம். 1972–75ல் விடுதியில் இருந்தவர்களுக்கு நம் மெஸ் ஆயாவை நினைவிருக்கும். இருநூறு பேருக்குச் சமையல்கட்டை நடத்தியவர். சமையல்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு போனபோது தனியாளாய் நின்று ஒரு வேளைகூட நிற்காமல் சோறு போட்டவர். மெஸ் பாக்கி கட்ட முடியாமல் ஊருக்குக் கிளம்பின என்னை வாசலில் மறித்து, "சாப்ட்டுட்டு போய்ப் பரீட்சை எழுதுடா, காசை அப்புறம் பாத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பியவர். அன்று நான் வண்டி ஏறியிருந்தால் பட்டமும் இல்லை, போட்ஸ்வானாவும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருஷமும் 'ஆயா' என்றுதான் கூப்பிட்டேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பழைய மலர்களைப் புரட்டினேன். விடுதிக் காப்பாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயா இல்லை.

யாருக்காவது தெரிந்தால் மலர்க்குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் இன்று மதியம் சாப்பிடப் போகும்போது பரிமாறுகிற அம்மாவிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்கள் இடம்பெற்றால், வரலாற்றுத் துறையின் பழைய மாணவன் என்ற முறையில் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

– ஒரு பழைய மாணவன், பி.ஏ. வரலாறு (1972–75)